பத்து நாள் தாமதம்

1956 அக்டோபர் கடைசியில், ஒரு வார இடைவெளிக்குள் இரண்டு நாடுகள் மீது அந்நியப் படைகள் பாய்ந்தன. நாசர் நாட்டுடைமையாக்கிய சூயஸ் கால்வாய்க்காக இஸ்ரேல், பிரிட்டன், பிரான்ஸ் மூன்றும் சேர்ந்து எகிப்தில் இறங்கின. ஹங்கேரியில் மக்கள் எழுச்சியால் பிரதமரான இம்ரே நாகி, வார்சா ஒப்பந்தத்திலிருந்து விலகுகிறோம் என்று நவம்பர் 1 அன்று அறிவித்தார். 4ஆம் தேதி விடிகாலையில் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட்டைத் தாக்கின.

எந்த அணியிலும் சேரமாட்டேன் என்ற இந்தியாவுக்கு இதைவிடக் கறாரான பரீட்சை வந்திருக்க முடியாது. ஒரே வாரம், ஒரே மாதிரியான குற்றம், எதிரெதிர் முகாம்கள்.

சூயஸ் விஷயத்தில் நேரு தயங்கவே இல்லை. உடனே, பட்டவர்த்தனமாகக் கண்டித்தார். ஹங்கேரி என்றதும் குரல் இறங்கியது. நவம்பர் 5 அன்று டெல்லியில் நடந்த யுனெஸ்கோ மாநாட்டில் இரண்டு நாடுகளையும் சேர்த்தே குறிப்பிட்டார்தான். ஆனால் ஐ.நா.வில் நடந்தது வேறு. சோவியத் படைகள் வெளியேற வேண்டும் என்று 4ஆம் தேதி பொதுச்சபையில் வந்த தீர்மானத்தில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. 9ஆம் தேதி வந்த அடுத்த தீர்மானத்தை எதிர்த்தே வாக்களித்தது. கம்யூனிஸ்ட் அல்லாத நாடுகளில் அப்படி எதிர்த்தது இந்தியா மட்டும்தான். கையைத் தூக்கியவர் கிருஷ்ண மேனன். நேரு அவரைக் கைவிடவில்லை. நாடாளுமன்றத்தில் அந்த வாக்குக்காக வாதாடினார். ஜெயப்பிரகாஷ் நாராயண் உள்ளிட்டோர் நேருவைக் கடுமையாக விமர்சித்தார்கள்.

சரி, நேருவின் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கு. அந்தத் தீர்மானம் ஐ.நா. மேற்பார்வையில் ஹங்கேரியில் தேர்தல் நடத்தச் சொன்னது. அதைக் கொண்டுவந்த ஐந்து நாடுகளில் பாகிஸ்தானும் ஒன்று. இன்றைக்கு ஹங்கேரிக்குச் சரி என்றால், நாளைக்கு அதே வாசகத்தைக் காஷ்மீருக்கு நீட்டுவார்கள். 1955இல் ஸ்ரீநகருக்கே வந்து காஷ்மீர் இந்தியாவுடையது என்று சொன்னவர் குருஷ்சேவ். 1957 பிப்ரவரியில் பாதுகாப்புக் கவுன்சிலில் காஷ்மீர் தீர்மானத்தைத் தடுத்தது சோவியத்தின் வீட்டோ. நாட்டு நலன் என்று பார்த்தால் கணக்கு தப்பவில்லை.

ஆனால் கணக்கு தப்பவில்லை என்பதும் கொள்கை தப்பவில்லை என்பதும் ஒன்றல்ல. இந்தியா உலகத்திடம் விற்றது நாட்டு நலனை இல்லை, நடுநிலையை. அதை நம்பி வாங்கியவர்களும் இருந்தார்கள்.

நாகியின் அமைச்சரவையில் இருந்தவர் இஷ்ட்வான் பிபோ. சோவியத் படை நுழைந்தபோது நாடாளுமன்றக் கட்டடத்தில் தங்கி அறிக்கை தட்டச்சு செய்துகொண்டிருந்த அமைச்சர். படைகள் விலகவும் சோவியத்தின் பாதுகாப்புக் கவலை தீரவும் ஒரு சமரசத் திட்டம் எழுதினார். அதை எந்த வாசலில் கொடுப்பது? அமெரிக்காவிடம் கொடுத்தால் மாஸ்கோ தொடாது. அவர்கள் தேர்ந்தெடுத்த வாசல் இந்தியத் தூதரகம். மாஸ்கோவிலிருந்து ஹங்கேரிக்கும் சேர்த்துத் தூதராக இருந்த கே.பி.எஸ். மேனனிடம் அதைக் கொண்டுசேர்த்தவர் ஆர்பாட் கோன்ஸ். பிற்பாடு பிபோவும் கோன்ஸும் ஆயுள் தண்டனை பெற்றார்கள். அதே கோன்ஸ் 1990இல் ஹங்கேரியின் குடியரசுத் தலைவரானார்.

இங்கேதான் நேருவை எடைபோட வேண்டும். அவர் பேசவே இல்லை என்பது அநியாயமான குற்றச்சாட்டு. நவம்பர் 14 அன்று பர்மா, இலங்கை, இந்தோனேசியப் பிரதமர்களோடு சேர்ந்து சோவியத் படைகள் வெளியேற வேண்டும் என்று அறிக்கை விட்டார். 21ஆம் தேதி, ஐ.நா. பார்வையாளர்களை ஹங்கேரி அனுமதிக்க வேண்டும் என்ற தீர்மானத்தை இலங்கை, இந்தோனேசியாவோடு சேர்ந்து இந்தியாவே கொண்டுவந்தது. திரைமறைவிலும் முயற்சிகள் நடந்தன.

ஆனால் டாங்கிகள் நுழைந்த நாளுக்கும் அந்த 14ஆம் தேதி அறிக்கைக்கும் நடுவே பத்து நாள். அதற்குள் தெருச்சண்டை முடிந்துவிட்டது. அந்த எழுச்சியில் செத்தவர்கள் சுமார் 2,500 பேர். நாட்டை விட்டு ஓடியவர்கள் சுமார் 2 லட்சம். தூதரக மொழியில் பத்து நாள் என்பது நிதானம். டாங்கிக்கு முன்னால் நின்றவனுக்கு அதுதான் மொத்த வாழ்நாளே. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நம் ஊரில் சொல்வதும் இதைத்தானே?

1958 ஜூனில் நாகி தூக்கிலிடப்பட்டார்.

அந்தத் தயக்கம் 1956ஓடு நிற்கவில்லை. 1968இல் செக்கோஸ்லோவாக்கியா, 1980இல் ஆப்கானிஸ்தான், 2022இல் உக்ரைன். மூன்று முறையும் ஐ.நா.வில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் சொல்லலாம். ஆயுதம், எண்ணெய், சீனா, காஷ்மீர் என்று அவற்றில் பலவும் உண்மையானவை. ஆனால் காரணம் எப்போதும் ஒரே பக்கத்துக்கே கிடைக்கிறது என்றால் அதற்கு நடுநிலை என்று பெயர் வைக்க முடியாது.

அணிசேராமை தப்பான யோசனை இல்லை. பிபோவின் காகிதம் இந்தியத் தூதரக வாசலுக்கு வந்ததே அதற்குச் சாட்சி. நண்பன் செய்யும் தப்பை அன்றைக்கே தப்பு என்று சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான். எகிப்துக்குச் சொன்ன அதே வார்த்தையை, அதே வாரத்தில், ஹங்கேரிக்கும்.