தொட்டிலில் தலையணை

இரவு பால் அருந்தி உறங்கிய குழந்தை காலையில் கண் விழிக்கவில்லை என்னும் செய்தியிலும் கொடிய செய்தி ஒரு வீட்டுக்கு வருவதற்கில்லை. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, முன்தினம் மாலையிலே சிரித்து விளையாடிய குழந்தை அது. இவ்வாறான சாவுக்குக் காரணம் யாது என்னும் வினா மிகப் பழையது. அதற்குக் காலந்தோறும் கூறப்பட்ட விடைகளோ பலவாகும். அவ்விடைகளின் வரலாற்றை நோக்குமிடத்து, நெடுங்காலம் தாயே குற்றவாளியாகக் கருதப்பட்டாள் என்பதும், உண்மையான ஆபத்து அவள் அன்போடு விரித்த மெத்தையிலும் கற்றவர் கூறிய புத்திமதியிலும் மறைந்திருந்தது என்பதும் புலனாகும்.

பழைய ஏற்பாட்டிலே சாலொமோன் மன்னனின் நீதி பற்றிய கதை வருகின்றது. ஒரே குழந்தைக்கு இரு பெண்கள் உரிமை கோர, குழந்தையை வாளால் இரு கூறாக்குமாறு மன்னன் கட்டளையிட்டுத் தாயை அறிந்துகொண்டான். அவ்வாள் எல்லோர் நினைவிலும் நிற்கின்றது. ஆனால் அவ்வழக்கு எழுந்ததற்குக் காரணமாயிருந்தது மற்றொரு குழந்தையின் சாவு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உறக்கத்திலே தாய் அதன்மேற் புரண்டு படுத்தமையால் அக்குழந்தை இறந்தது என்பதே அங்கு சொல்லப்படும் காரணம். அன்று தொடக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையிலும் மேற்கு நாடுகளில் இந்த ஒரு விளக்கமே நிலைத்து நின்றது. மத்திய காலத்து ஐரோப்பியத் திருச்சபை, குழந்தை இவ்வாறு இறந்தாற் பெற்றோருக்குத் தவ ஒறுத்தல் விதித்தது. இத்தாலிய நகரமாகிய புளோரன்சிலே, குழந்தையின்மேற் கூடுபோலக் கவிழ்த்து வைக்கத்தக்க மரச்சட்டம் ஒன்றைச் செய்தனர். தாயோ செவிலியோ அருகிற் படுத்துப் பாலூட்டலாம். ஆயின் உடற்பாரம் குழந்தையின்மீது விழாது. இச்சட்டத்தின் விவரம் பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டன் அரச கழகத்தின் ஏட்டிலும் வெளிவந்தது.

கைத்தொழிற் புரட்சியின் பின்னர் இப்பழி மேலும் கூர்மையடைந்தது. ஸ்கொத்லாந்தின் டண்டி நகரிலே பொலிஸ் வைத்தியராக விளங்கிய சார்ள்ஸ் டெம்பிள்மன் என்பவர், மூச்சுத் திணறி இறந்தனவாகக் கருதப்பட்ட 258 குழந்தைகளைப் பற்றி 1892ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவற்றுள் அரைவாசிக்கு மேற்பட்டவை சனிக்கிழமை இரவுக்கும் ஞாயிறு காலைக்கும் இடையில் நிகழ்ந்தவை என்று அவர் கண்டார். சனிக்கிழமை கூலி கிடைக்கும் நாள். குடிக்கும் நாளும் அதுவே. எனவே தாயாரின் அறியாமை, கவலையீனம், குடிப்பழக்கம், ஒரே படுக்கையில் நெருங்கிக் கிடக்கும் வறுமை ஆகியனவே காரணம் என அவர் முடிவு கூறினார். பிரித்தானியப் பாராளுமன்றம் 1908ஆம் ஆண்டில் இயற்றிய சிறுவர் சட்டம், மதுபோதையிற் படுக்கைக்குச் சென்ற ஒருவரின் அருகிலே மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை மூச்சடைத்து இறந்தால் அதனைத் தண்டனைக்குரிய கவலையீனமாகக் கொள்ள வகைசெய்தது.

அதே காலத்தில் வைத்தியர் சிலர் வேறொரு விளக்கத்தை முன்வைத்தனர். திடீரென இறந்த குழந்தைகளின் மார்பினுள்ளே தைமஸ் என்னும் சுரப்பி பெரிதாயிருத்தலைக் கண்டு, அது மூச்சுக்குழலை நெரிப்பதாக அவர்கள் எண்ணினர். மெய்யாக, அச்சுரப்பி சிறு குழந்தைகளுக்குப் பெரிதாயிருத்தலே இயல்பு. நெடுநாள் நோயில் வாடி இறந்த குழந்தைகளிலே அது சுருங்கியிருந்ததைப் பார்த்து, அச்சுருங்கிய அளவையே சரியான அளவென்று கொண்டமையால் விளைந்த தவறு அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1950ஆம் ஆண்டுகள் வரையில், சுகதேகிகளான எத்தனையோ குழந்தைகளுக்கு இச்சுரப்பியைச் சுருக்கவென எக்ஸ்-கதிர் பாய்ச்சப்பட்டது. அவ்வாறு கதிர் பெற்றவருட் பலர் பிற்காலத்திலே கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பியிற் புற்றுநோய் கண்டனர். காப்பதாக எண்ணிச் செய்த சிகிச்சை புதிய கேட்டையே விளைத்தது.

இதற்கிடையில், குழந்தையைத் தனித் தொட்டிலிற் படுக்கவைக்கும் வழக்கம் மேற்கு நாடுகளிற் பரவியது. தாயின் உடற்பாரமே காரணமாயின், இச்சாவுகள் அதனோடு நின்றிருக்க வேண்டும். அவை நிற்கவில்லை. நியூ யோர்க் நகரிலே ஹரோல்ட் ஏப்ரம்சன் என்னும் வைத்தியர் ஐந்தாண்டுக் காலத்து மரணங்களை ஆராய்ந்து 1944ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை முக்கியமானது. இறந்த குழந்தைகளுட் பெரும்பான்மையானவை குப்புறக் கிடந்த நிலையிற் காணப்பட்டன என்று அவர் காட்டினார். ஆனால் அடுத்த ஆண்டிலேயே வேறொரு வைத்தியர், சுகமான குழந்தைகளின் முகத்தைக் கம்பளியால் மூடிச் சோதித்து, அவற்றின் மூச்சுக்குப் பங்கம் நேரவில்லை என்று எழுதினார். இச்சோதனையினால் முன்னைய எச்சரிக்கை வலுவிழந்தது.

பின்னர் நிகழ்ந்ததே இவ்வரலாற்றின் மிகவும் துயரமான பகுதி. அமெரிக்க வைத்தியர் பெஞ்சமின் ஸ்பொக் எழுதிய குழந்தை வளர்ப்பு நூல் 1946ஆம் ஆண்டில் வெளிவந்தது. கோடிக்கணக்கான பிரதிகள் விற்பனையான அந்நூலை நம்பி ஒரு தலைமுறைத் தாய்மார் பிள்ளை வளர்த்தனர். முதற்பதிப்பிலே குழந்தையை மல்லாந்து படுக்கவைத்தலையே அவர் ஆதரித்தார். 1950ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதிக்குப் பின் வந்த பதிப்புகளிலோ கருத்து மாறியது. மல்லாந்து கிடக்கும் குழந்தை கக்கினால் அது தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்றும், தலையின் பின்புறம் தட்டையாகும் என்றும் காரணங்கள் கூறப்பட்டன. கேட்பவருக்கு இவை நியாயமாகவே தோன்றின. குறைமாதக் குழந்தைகள் குப்புறக் கிடந்தால் நன்றாக மூச்சுவிடுகின்றன என்று வைத்தியசாலைகளிற் கண்டறியப்பட்டதும் இவ்வழக்கத்துக்குத் துணைபோயிற்று. தாதியர் செய்வதைத் தாய்மார் வீட்டிலும் செய்தனர்.

இப்புத்திமதிக்கு எதிரான சான்றுகள் இல்லாமற் போகவில்லை. 1965ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும், 1970ஆம் ஆண்டில் வட அயர்லாந்திலும் வெளியான ஆய்வுகள் குப்புறப் படுத்தலுக்கும் இச்சாவுக்கும் தொடர்பிருப்பதைக் காட்டின. ஆயினும் அவற்றை ஒருங்கே வைத்து நோக்குவார் இல்லை. 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாற்றில் நகரிற் கூடிய மகாநாடு, காரணம் அறியப்படாத இச்சாவுகளுக்குச் ‘சடுதியான சிசு மரணம்’ என்னும் பொருளுடைய ஒரு பெயரை வரையறுத்தது. அதனால் ஒரு நன்மை விளைந்தது: பிள்ளையைப் பறிகொடுத்த தாயைக் கொலைகாரியைப்போல விசாரிக்கும் வழக்கம் தளர்ந்தது. ஆனாற் பெயர் கிடைத்ததே தவிரக் காரணம் கிடைக்கவில்லை.

காரணத்தை நோக்கிய வழி 1985ஆம் ஆண்டளவிற் கீழைத் தேசத்திலிருந்து திறந்தது. ஹொங்கொங்கிற் பணியாற்றிய டேவிஸ் என்னும் வைத்தியர், மக்கள் நெருக்கமாக வாழும் அந்நகரில் இத்தகைய மரணம் மிக அரிது என்று எழுதினார். அங்குள்ள சீனத் தாய்மார் குழந்தைகளை மல்லாந்தே கிடத்தினர். பின்னர் பிரித்தானியாவிலே, வங்காளதேசம், பாகிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து சென்று குடியேறிய குடும்பங்களிலும் இம்மரணம் குறைவாயிருத்தல் காணப்பட்டது. வறுமையும் வீட்டு நெருக்கமும் அவர்களுக்கும் இருந்தன. ஆயின் அத்தாய்மாருட் புகைபிடிப்போர் மிகச் சிலர். குழந்தை தனியறையில் விடப்படவில்லை. டண்டி நகர வைத்தியர் ஏழையின் நெருக்கமான வீட்டின்மேற் சுமத்திய பழி முழு உண்மையன்று என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

ஒல்லாந்தில் 1970ஆம் ஆண்டுகளிற் குப்புறப் படுக்கவைக்கும் வழக்கம் பரவியதை அடுத்து இச்சாவுகள் பெருகின. இதனை உணர்ந்த அந்நாட்டு வைத்தியர்கள் 1987ஆம் ஆண்டில் அவ்வழக்கத்தைக் கைவிடுமாறு பெற்றோரை வேண்டினர். சாவுகள் விரைவிற் குறைந்தன. அக்காலத்தில் நியூசிலாந்திலே, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுக்கு ஏறத்தாழ நான்கு என்ற அளவில் இம்மரணம் நிகழ்ந்தது. அங்கு 1987 முதல் 1990 வரை நடைபெற்ற பெரிய ஆய்வு, குப்புறப் படுத்தல், தாய் புகைபிடித்தல், தாய்ப்பால் ஊட்டாமை ஆகியவற்றைத் தவிர்க்கக்கூடிய காரணங்களாக எடுத்துக்காட்டியது. இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகரிலே பீற்றர் பிளெமிங்கும் அவருடைய துணைவரும் 1990ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, குப்புறப் படுத்தலோடு மிகையான போர்வையும் வெப்பமும் ஆபத்தைக் கூட்டும் என்று காட்டியது. 1991ஆம் ஆண்டில் தம் ஆண்குழந்தையை இவ்வாறு இழந்த தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஆன் டயமன்ட், நியூசிலாந்தில் அறியப்பட்ட உண்மை இங்கிலாந்துத் தாய்மாருக்குச் சொல்லப்படவில்லையே எனக் குரலெழுப்பினார். அவ்வாண்டு முடிவதற்குள் குழந்தைகளை மல்லாந்து கிடத்துமாறு கோரும் அரசாங்க இயக்கம் தொடங்கிற்று. ஓரிரு ஆண்டுகளில் அந்நாட்டிலே இம்மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டில் தொடங்கிய இயக்கமும் அத்தகைய பலனையே தந்தது. கக்கி மூச்சடைத்து இறக்கும் குழந்தைகள் பெருகும் என்ற அச்சம் எங்கும் மெய்ப்படவில்லை. மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழல் உணவுக்குழலுக்கு மேலே அமைவதால், கக்கியது மூச்சுக்குழலினுள் எளிதில் இறங்குவதில்லை.

படுக்கும் நிலை பற்றிய வழக்கு இவ்வாறு தீர்ந்தபின், படுக்கையின்மீது விசாரணை திரும்பியது. 1991ஆம் ஆண்டில் கெம்ப், தாக் என்னும் இரு அமெரிக்க வைத்தியர்கள், சிறு உருண்டைகள் நிரப்பிய ஒருவகை மெத்தைகளில் உறங்கி இறந்த 25 குழந்தைகளைப் பற்றி எழுதினர். முகம் மெத்தென்ற பொருளிற் புதையும்போது மூக்கைச் சுற்றிச் சிறு குழி உண்டாகின்றது. குழந்தை வெளிவிட்ட கரியமிலவாயு அக்குழியிலேயே தங்க, அதனையே குழந்தை மீண்டும் மீண்டும் உள்ளிழுக்கின்றது. பிராணவாயு படிப்படியாகக் குறைகின்றது. வளர்ந்தவராயின் விழித்துத் தலையைத் திருப்புவர். இரண்டு தொடக்கம் நான்கு மாதம் வரையான குழந்தைக்குக் கழுத்திலே போதிய வலுவில்லை. சில குழந்தைகளுக்கோ ஆபத்தை உணர்ந்து துயிலெழுப்பும் மூளைத்தண்டின் அமைப்பிலேயே குறைபாடு உண்டு என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. அக்குறைபாட்டை வெளித்தோற்றத்தால் அறிய இயலாது. 1945ஆம் ஆண்டின் சோதனை தவறான நம்பிக்கையைத் தந்ததன் காரணமும் இதுவே: சோதிக்கப்பட்டவை ஆபத்தை உணர்ந்து அசையவல்ல சுகமான குழந்தைகள்.

அவ்வகை மெத்தைகள் 1992ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே தடைசெய்யப்பட்டன. இங்கிலாந்தில் 1993 முதல் 1996 வரை நடந்த ஆய்விலே, இறந்த குழந்தைகள் பலவற்றின் தலை போர்வையால் மூடப்பட்டிருந்தமை காணப்பட்டது. அதன் பயனாக, குழந்தையின் பாதங்கள் தொட்டிலின் கால்மாட்டைத் தொடுமாறு கிடத்தும்படியும், போர்வை தோளுக்கு மேலே ஏறாதவாறு இறுக்கிச் செருகும்படியும் அங்கு அறிவுறுத்தப்பட்டது. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகமோ போர்வையே வேண்டாம் என்கின்றது. தலையணை, பஞ்சுப் போர்வை, பஞ்சடைத்த பொம்மை ஆகியவற்றை முதற் பன்னிரண்டு மாதமும் தொட்டிலுக்கு வெளியே வைக்கவேண்டும் என்பது அதன் விதி. தொட்டிலின் உட்புறத்தைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்புகளை 2022ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்கச் சட்டம் முற்றாகத் தடைசெய்தது.

ஓராண்டு என்னும் எல்லை ஏன் என்று வினவலாம். இம்மரணங்களிற் பெரும்பாலானவை முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே நிகழ்கின்றன. பிறந்தநாளை எட்டும்போது அவை மிக அரிதாகின்றன. அவ்வயதிற் குழந்தை தலையை நிமிர்த்தவும், புரளவும், முகத்தில் விழுந்ததைக் கையால் விலக்கவும் வல்லதாகின்றது. அதற்கு முன்னர் வேண்டுவன எளியவை: சமமான, அழுத்தமான படுக்கை, அதன்மேல் இறுக்கி விரித்த ஒரு துணி, குளிருக்குப் போர்வைக்குப் பதிலாக உடம்போடு பொருந்திய உடுப்பு. தலை தட்டையாகாதிருக்க, விழித்திருக்கும் வேளையிலே பெரியோர் பார்த்திருக்கக் குழந்தையைக் குப்புற விளையாட விடலாம். குழந்தை பெற்றோரின் அறையிலேயே துயில்வது நன்று. புகைபிடிப்பவரோ மது அருந்தியவரோ குழந்தையோடு ஒரே படுக்கையிற் கிடத்தலும், சாய்விருக்கையிற் குழந்தையை அணைத்தவாறு அயர்ந்துவிடுதலும் பேராபத்து விளைப்பன. இவ்வளவில், பழையோர் கொண்ட அச்சத்திலும் உண்மை இல்லாமலில்லை.

2005ஆம் ஆண்டில் பிரித்தானிய ஆய்வாளர் சிலர் பழைய கட்டுரைகள் அனைத்தையும் ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டனர். 1970ஆம் ஆண்டளவிலேயே சான்றுகளை முறையாகத் தொகுத்து நோக்கியிருப்பின், பிரித்தானியாவிற் பதினாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளும், ஐரோப்பா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய இடங்களில் ஐம்பதினாயிரம் குழந்தைகளேனும் காப்பாற்றப்பட்டிருக்கலாம் என்பது அவர்களின் முடிவு. இக்குழந்தைகளின் பெற்றோர் கவலையீனர் அல்லர். நூலைப் படித்தும் வைத்தியரைக் கேட்டும் சொன்னபடி செய்தவர்கள். இன்றும் அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,500 குழந்தைகள் உறக்கத்திலே எதிர்பாராதவகையில் இறக்கின்றன. ஆகவே இவ்வரலாறு முடிந்துவிடவில்லை.

தலையணையும் பொம்மையும் இல்லாத தொட்டில் பார்ப்பவருக்கு அன்பற்ற வெறுமையாகத் தோன்றக்கூடும். எத்தனையோ குழந்தைகளை இழந்தபின்பே அவ்வெறுமையின் பயனை உலகம் அறிந்துகொண்டது. தலையணையும் பொம்மையும் காத்திருக்கலாம். குழந்தைக்கு ஒரு வயது நிறையும் நாள் வெகு தொலைவில் இல்லை.