காலை முடக்கிய வைரஸும் ஒரு குளிசையும்



"ஸ்டீரொய்ட்" என்ற பேரைக் கேட்டாலே நம்ம ஊரில் பலருக்குப் பயம். வைத்தியர் எழுதிக் கொடுத்த குளிசையைப் பாதியில் நிப்பாட்டிவிட்டு எண்ணெய், கஷாயம் என்று போகிறவர்களை எல்லாரும் கண்டிருப்பீர்கள். அந்த மருந்தோடு சேர்ந்த ஒரு வரலாற்றை இன்றைக்கு எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

1950களில் ஜமைக்காவில் ஒரு விசித்திரமான நோய். நடுவயதுக்காரர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, கால் இரண்டும் மெதுமெதுவாக விறைத்துப் போகும். சிறுநீரை அடக்க முடியாது. இடுப்பு வலி. சில வருஷத்தில் கைத்தடி, பிறகு சக்கர நாற்காலி. க்ருயிக்‌ஷாங்க் என்ற வைத்தியர் 1956இல் அதைப் பற்றி எழுதினார். 1964இல் 206 நோயாளிகளைப் பற்றிய பெரிய கட்டுரை வந்தது. காரணம் மட்டும் பிடிபடவில்லை. சாப்பாட்டுக் குறையா, ஏதும் நஞ்சா என்று தேடிக்கொண்டே இருந்தார்கள்.

நமக்குப் பக்கத்திலும் இது இருந்தது. 1969இல் மணி என்ற நரம்பியல் வைத்தியரும் இன்னும் இருவரும் தென்னிந்தியாவில் கண்ட கால்விறைப்பு நோயைப் பற்றி எழுதினார்கள். மொண்ட்கொமரி என்ற பேர் ஜமைக்காக் கட்டுரையிலும் இருக்கிறது, இதிலும் இருக்கிறது. இந்து சமுத்திரத்தில் சீஷெல்ஸ் தீவுகளிலும் இதே நோய்.

முடிச்சு அவிழ்ந்தது வேறொரு பக்கத்தில். 1980இல் அமெரிக்காவில் கேலோவின் குழு ஒரு ரத்தப் புற்றுநோயாளியிடமிருந்து எச்.டி.எல்.வி-1 என்ற ரெட்ரோவைரஸைப் பிரித்தெடுத்தது. எயிட்ஸ் வைரஸ் தெரிய வருவதற்கு முந்தியே! 1985இல் மார்டினிக் தீவின் கால்விறைப்பு நோயாளிகளின் ரத்தத்தில் அதே வைரஸுக்கு எதிரான பொருளை கெசெயின் குழு கண்டது. அடுத்த வருஷம் ஜப்பானின் ககொஷிமாவில் ஒசாமே குழு தனியாக அதையே சொன்னது. 1989இல் மணியும் சேர்ந்த குழு லான்செட் சஞ்சிகையில் தென்னிந்தியாவையும் இந்த வைரஸோடு சேர்த்து எழுதியது.

இந்த வைரஸ் தாய்ப்பால், உடலுறவு, ரத்தம் ஆகிய வழிகளில் பரவும். இது உடம்பில் இருக்கிற பெரும்பாலானவர்களுக்கு ஆயுள் முழுக்க ஒரு நோயும் வராது. வருகிற சிலருக்கு, வைரஸ் ஏறிய வெள்ளை அணுக்கள் முள்ளந்தண்டு நரம்புக்குள் போகின்றன. அதை எதிர்க்க உடம்பு செய்கிற சண்டையில் நரம்பே வீங்கிப் புண்ணாகிறது.

இங்கேதான் ஸ்டீரொய்ட் வருகிறது. 1948 செப்டெம்பரில் அமெரிக்காவின் மேயோ க்ளினிக்கில் ஹென்ச் என்பவர், மூட்டுவாதத்தால் கட்டிலில் கிடந்த ஒரு இளம் பெண்ணுக்கு கோர்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாளில் எழுந்து நடந்தார். 1950இல் நோபல் பரிசு. ஆனால் மருந்தை நிறுத்தினால் வலி திரும்பியது, நீண்ட நாள் கொடுத்தால் முகம் ஊதியது. இன்றைக்கு நம்ம ஆட்கள் பயப்படுகிற பக்கவிளைவுகளை அன்றைக்கே கண்டுவிட்டார்கள். மறைத்த விஷயம் ஒன்றும் இல்லை.

ஒசாமே குழு அந்தக் குடும்பத்து ப்ரெட்னிசொலோனை நோயாளிகளுக்குக் கொடுத்தது. 1996இல் ககொஷிமாவிலிருந்து வந்த கணக்கில் 131 பேரில் 107 பேருக்கு முன்னேற்றம். ஒப்பிட்டுப் பார்க்க மருந்து கொடுக்காத குழு இல்லாததால் அந்தக் கணக்கை அப்படியே நம்பவும் முடியாது. சீட்டுக் குலுக்கிப் பிரிக்கிற மாதிரி நடந்த ஆய்வு 2022இல்தான் வெளியானது, அதுவும் சிறியது. ஸ்டீரொய்ட் வைரஸைக் கொல்லாது, வீக்கத்தைத்தான் அடக்கும். செத்த நரம்பு திரும்பி வராது. அதனால்தான் நோய் வேகமாக ஏறுகிற ஆரம்ப காலத்திலேயே கொடுக்கப் பார்க்கிறார்கள்.

கால் விழுந்தால் எல்லாம் ஒரே நோய் என்று நினைக்கக் கூடாது. நம்ம மலையகத்திலேயே 1977-78இல் இருபதுக்கு மேற்பட்ட தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கால் வழங்காமல் போனது. பெரிய பிள்ளையானதும் கொடுக்கிற நல்லெண்ணெய்தான் காரணம். கனிம எண்ணெய் இருந்த பீப்பாய்களில் ஏற்றி வந்ததால் ட்ரைக்ரெசில் பொஸ்பேட் என்ற நஞ்சு கலந்திருந்தது. பேராதனையின் பேராசிரியர் நிமல் சேனாநாயக்கவும் ஜெயரத்னமும் 1981இல் லான்செட்டில் அதை எழுதினார்கள். அந்தப் பிள்ளைகளைச் சூனியம் என்று சொல்லி எங்கெங்கே கொண்டு போயிருப்பார்களோ! அங்கே வீக்கம் இல்லை, நஞ்சுதான். எந்த மருந்து என்பதைக் காரணம்தான் தீர்மானிக்கும், அதைக் கண்டுபிடிக்கத்தான் எம்.ஆர்.ஐ., முதுகில் நீர் எடுக்கிற டெஸ்ட் எல்லாம்.

வேறு நோய்க்கு ப்ரெட்னிசொலோன் குடிக்கிறவர்கள் நம்ம ஊரிலேயே நிறைய. பல கிழமையாகக் குடித்ததைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு தானாகச் சுரக்கிற கோர்ட்டிசோல் போதாமல் மயங்கி விழலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அளவைக் குறைத்துக் குறைத்து நிறுத்துவது க்ளினிக்கில் செய்ய வேண்டிய வேலை.

ஜப்பானில் 1987இல் நாகசாக்கியில் கர்ப்பிணிகளின் ரத்தத்தைப் பரிசோதித்து, வைரஸ் உள்ள தாய்மாருக்குப் பால் கொடுப்பது பற்றி ஆலோசனை சொல்லத் தொடங்கினார்கள். பிறகு அது நாடு முழுக்க வந்தது. வைரஸை உடம்பிலிருந்து அழிக்கிற மருந்து இன்னும் இல்லை.