தாயின் பெயரில் ஓர் இசைத்தட்டு

எழுதுகிறவனுக்கு முதல் நூல் அவ்வளவு கஷ்டமல்ல. அதுவரை வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் அதற்கு முதலாக இருக்கிறது. இரண்டாவது நூல்தான் சோதனை. முன்பு கை தட்டியவர்கள் இப்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பாடுகிறவர்களுக்கும் இதே விதிதான். மேல்நாட்டு இசை உலகில் ‘இரண்டாவது ஆல்பம்’ என்பது பெரிய பெரிய கோஷ்டிகளெல்லாம் இடறி விழுந்த படி. அந்தப் படியை ஒரு தமிழ்ப் பெண் ஏறிய சரித்திரம் இது.

மாயா அருள்பிரகாசம் 1975-ல் லண்டனில் பிறந்தவர். கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போனார். போர்க்காலத்தில் சென்னையிலும் கொஞ்ச காலம் ஒண்டியிருந்தார். 1986-ல் தாயோடு அகதியாக மறுபடி லண்டன் சேர்ந்தார். மேடையில் அவர் பெயர் எம்.ஐ.ஏ.; போர்க்களத்தில் காணாமற் போனவரைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கம் அது. 2005-ல் வெளிவந்த முதல் ஆல்பத்துக்கு ‘அருளர்’ என்று பெயர் வைத்தார். தகப்பனாரின் இயக்கப் பெயர் அது. ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் அந்தத் தகப்பனார். ‘லங்காராணி’ என்ற நாவலை எழுதியவரும் அவரே. பிள்ளைகள் பெரும்பாலும் அவர் முகம் காணாமலே வளர்ந்தார்கள்.

2007 ஆகஸ்டில் இரண்டாவது ஆல்பம் வந்தது. அதன் பெயர் ‘கலா’. அது தாயின் பெயர்.

எங்கள் மஞ்சக்குப்பத்தில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். 1690-ல் வெள்ளைக்காரர்கள் தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கினார்கள். பீரங்கியைச் சுட்டு, குண்டு போய் விழுந்த தூரம்வரை தங்கள் எல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குண்டு யார் வீட்டுக் கொல்லையில் விழுந்தது, அன்று அந்த வீட்டில் உலை கொதித்ததா என்று எந்தச் சரித்திரமும் விசாரித்ததில்லை. சுட்டவன் பெயர் நிற்கும். சோறாக்கியவள் பெயர் நிற்காது. இயக்கங்களின் சரித்திரமும் அப்படித்தான். மூன்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கடல் தாண்டி, தையல் ஊசியைப் பிடித்துக் கரையேற்றிய ஒருத்தியின் பெயரை மகள் உலகச் சந்தையில் கொண்டுபோய் வைத்தாள்.

அந்த ஆல்பம் பிறந்த விதமும் விசித்திரம். பெரும்பகுதியை அமெரிக்காவில், டிம்பலாண்ட் என்ற பிரபல இசையமைப்பாளரோடு சேர்ந்து செய்வதாக ஏற்பாடு. 2006-ல் அமெரிக்க விசா கிடைக்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது. மாயா மூட்டையைக் கட்டிக்கொண்டு இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, ஆஸ்திரேலியா, லைபீரியா என்று அலைந்தார். ஸ்விட்ச் என்ற ஆங்கிலேயர் இசையமைப்பில் முக்கியத் துணை.

சென்னையில் அவருக்குக் கிடைத்தது உருமி. இந்த மேளத்துக்கு இரண்டு முகம். ஒன்றை அடிப்பார்கள், மற்றொன்றை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது அது உறுமும். சில சமயம் அழுவது போலவும் இருக்கும். அம்மன் திருவிழாவிலும் சாவு ஊர்வலத்திலும் தெருவோடு போகிற வாத்தியம். 1941-ல் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியது. மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் வேண்டும் என்றது, நியாயமான வழக்கு. ஆனால் அது முக்கியமாகப் பாட்டின் மொழியைப் பற்றிய வழக்கு. உருமியோ இன்றும் பெரும்பாலும் தெருவிலேதான் நிற்கிறது. அதைத்தான் மாயா ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ என்ற பாடல்களில் ஏற்றினார். ‘பாம்பூ பங்கா’வில் ‘தளபதி’ படத்து இளையராஜா பாட்டின் ஒரு துணுக்கு ஒலிக்கிறது. சிறுமியாக இருந்தபோது ஆடிய ‘டிஸ்கோ டான்ஸர்’ படத்து இந்திப் பாட்டு ‘ஜிம்மி’யாக மறுபிறவி எடுத்தது.

விசா மறுப்பும் வீண் போகவில்லை. வந்தேறி என்றாலே கொள்ளைக்காரன் என்று பார்க்கும் கண்ணைப் பரிகசித்து ‘பேப்பர் பிளேன்ஸ்’ பிறந்தது. துப்பாக்கிச் சத்தமும் கல்லாப்பெட்டிச் சத்தமுமே அதற்குத் தாளம். ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தில் அது ஒலித்தது. 2009-ல் அமெரிக்காவின் கிராமி விருதுக்கு, ஆண்டின் சிறந்த இசைத்தட்டு என்ற பிரிவில், பரிந்துரைக்கப்பட்டது. எந்தத் தேசம் கதவைச் சாத்தியதோ, அந்தத் தேசமே நாற்காலி போட்டு உட்கார வைத்தது!

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. உருமியை உலகம் கேட்டது. அதைத் தேய்த்த கைகளுக்கு உரியவர்களின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தாயின் பெயரைத் தட்டின்மேல் எழுதியவரை இதைக் கேட்பது குறை சொல்வதற்காக அல்ல. கேட்கக் கற்றுக்கொடுத்ததே அவர்தான்.

2019-ல் பிரிட்டிஷ் அரசு மாயாவுக்கு எம்.பி.இ. என்ற கௌரவத்தை அறிவித்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பதக்கங்களைக் கையால் தைத்துக் கொடுத்தவர்களில் தம் தாயும் ஒருவர் என்று மாயா அப்போது சொன்னார். பதக்கம் பெறுகிறவர்களின் பெயர் அரசிதழில் வரும். தைத்தவளின் பெயர் அதில் வராது. அது பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஓர் இசைத்தட்டின்மேல் அச்சாகிவிட்டது.