சோழமண்டலக் கலைஞர் கிராமம்

சோழமண்டலக் கலைஞர் கிராமம் என்பது சென்னை ஈஞ்சம்பாக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்துள்ள ஓவியர், சிற்பிகளின் குடியிருப்பு ஆகும். 1966ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இது, கலைஞர்களே நிலம் வாங்கி, வீடு கட்டி, தாமே நிருவகித்து வருவது என்பதால் தனிச்சிறப்புடையது.

வரலாறு

அக்காலத்தில் சென்னை அரசுக் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977). பட்டம் பெற்று வெளியேறும் மாணவர்கள் பிழைப்புக்காக வேறு வேலைகளுக்குச் சென்று, ஓவியம் தீட்டுவதையே கைவிடுவதை அவர் கண்டார். அதற்குத் தீர்வாக மாணவர்களையும் சக கலைஞர்களையும் ஒன்றுதிரட்டி இக்கிராமத்தை உருவாக்கினார். பரப்பளவு ஏறத்தாழ 10 ஏக்கர். சோழமண்டலக் கடற்கரையில் அமைந்ததால் இப்பெயர் பெற்றது.

பொருளாதார அடிப்படை

ஓவியங்களுக்கு அன்று வாங்குவோர் குறைவு. எனவே கலைஞர்கள் கைவினைஞர் சங்கம் ஒன்றை அமைத்து, பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருட்களைச் செய்து விற்றனர். துணியில் உருகிய மெழுகைப் பூசிச் சாயத்தில் தோய்த்தால், மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. இதுவே பாத்திக் முறை. நாளின் ஒரு பகுதி கைவினைக்கும் எஞ்சிய நேரம் ஓவியத்திற்கும் என வாழ்ந்தமையால், அரசு உதவியையோ புரவலரையோ நம்பியிராமல் கிராமம் நிலைபெற்றது.

கலைஞர்கள்

ஜெ. சுல்தான் அலி, எஸ். ஜி. வாசுதேவ், எம். சேனாதிபதி, பி. எஸ். நந்தன், பணிக்கரின் மகனும் உலோகச் சிற்பியுமான எஸ். நந்தகோபால் ஆகியோர் இதனுடன் தொடர்புடையவர்கள். கனவுலகக் காட்சிகளை வரைந்த கே. இராமானுஜம் இங்கு வாழ்ந்து 1973இல் காலமானார். விசுவநாதன், அக்கித்தம் நாராயணன் ஆகியோர் பின்னர் பாரிசில் குடியேறினர். சென்னைக் கலை இயக்கத்தின் வரலாற்றில் இக்கிராமத்திற்கு முக்கிய இடம் உண்டு.

விருந்தினர் குடில்கள்

வெளியூர், வெளிநாட்டுக் கலைஞர்கள் தங்கிப் பணியாற்றுவதற்கென விருந்தினர் குடில்கள் இங்கு அமைக்கப்பட்டன. சுற்றுலா விடுதியில் தங்குவதிலிருந்து இது வேறுபட்டது. இங்கு அண்டை வீட்டார் ஓவியரும் சிற்பிகளுமே. அவர்களின் வீடே பணிக்கூடம். திறந்தவெளி அரங்கும் சிற்பத் தோட்டமும் வளாகத்திலேயே உள்ளன. 2009இல் தற்காலக் கலை மையம் திறக்கப்பட்டது.

இன்றைய நிலை

தொடக்கத்தில் நகருக்கு வெளியே இருந்த மணற்பாங்கான இப்பகுதி, 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. அமைதி நாடி நகரை விட்டு விலகி வந்த கலைஞர்களை நகரம் தேடி வந்து சூழ்ந்துகொண்டது. நிலம் கலைஞர்களுக்கே உரியதாக இருந்தமையே, வாடகை உயர்வால் அவர்கள் வெளியேற நேராமல் காத்தது எனலாம்.