குனிவும் தாழ்மையும்

போடிநாயக்கனூரிலிருந்து விடியுமுன்னரே ஜீப்புகள் போடிமெட்டுச் சாலையில் ஏறத் தொடங்கிவிடுகின்றன. ஏலத்தோட்டக் கூலிக்குச் செல்வோரில் பெண்களே மிகுதி. ஏலச்செடி ஆளுயரத்துக்கும் மேல் வளரும். காயோ தூரடியிலிருந்து புறப்படும் சரத்தில், மண்ணை ஒட்டிக் காய்க்கும். எனவே காய் எடுப்பவர் நாள் முழுவதும் குனிந்தே இருக்க வேண்டும். இவர்கள் நடுவில் தாழ்மையைக் குறித்துப் பிரசங்கிக்க நேர்ந்தபோதெல்லாம் என் நாவு தயங்கியதுண்டு. ஏற்கெனவே குனிய வைக்கப்பட்டவரிடம் இன்னும் குனியச் சொல்லுவது நற்செய்தியாகுமா?

இவ்வட்டாரத் திருச்சபையின் வரலாறு இவ்வினாவை வேறு திசையிலிருந்து எழுப்பியுள்ளது. போடியை உள்ளடக்கிய பழைய மதுரை மாவட்டத்தில் அமெரிக்க மதுரை மிஷன் 1834இல் பணியைத் தொடங்கிற்று. அதற்கு முந்திய ஆண்டே, சபைக்குள் சாதி வேறுபாடு அறவே ஒழியவேண்டுமெனக் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் கட்டளையிட்டிருந்தார். தஞ்சைச் சபைகள் கொந்தளித்தன. மதுரை மிஷன் 1847இல் அதே முடிவுக்கு வந்தது. சாதியை விட்டதற்கு அடையாளமாக, யார் சமைத்த உணவாயினும் எல்லாரோடும் அமர்ந்து உண்ணவேண்டும். மறுத்தோர் திருவிருந்திலிருந்து விலக்கப்பட்டனர். அவர்களுள் உபதேசியார்கள் பலர். ஆண்டவர் சீடருடைய கால்களைக் கழுவிய வரலாற்றை அறியாதவர்களல்லர் அவர்கள், பிறருக்குக் கற்பித்தவர்கள்!

மிஷனெரிமாரையும் முற்றிலும் மெச்சுவதற்கில்லை. ஊதியம் தருபவர் விதிக்கும் தாழ்மையில் ஓர் அதிகாரத் தொனி உண்டு. 1845 முதல் உடல்நலம் நாடிக் கொடைக்கானலில் வீடு கட்டிக்கொண்டவர்கள் அவர்கள். பிற்காலத்தில் ஏழைகள் மலையேறியதோ கூலிக்காக. ஆயினும் அச்சோதனையில் ஒன்று சரியாயிருந்தது: இறங்கி வரும்படி அது கேட்டது மேலே இருந்தவர்களை. பிலிப்பியர் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் காட்டுவதும் இதுவே. தேவனுக்குச் சமமானவர் அடிமையின் கோலத்தைத் தாமாகவே ஏற்றார். அடிமையை நோக்கி எவரும் அப்படிச் சொல்லவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் மலையடிவாரச் சபையொன்றில் அறுப்பின் பண்டிகை விருந்து நடந்தது. வசதியுள்ள மூப்பர் ஒருவர் எழுந்து எச்சில் இலைகளை எடுக்கலானார். வழக்கமாக அவ்வேலையைச் செய்யும் தோட்டக்காரப் பெண்மணி பதறி ஓடிவந்து, "ஐயா, நீங்க விடுங்க" என்று கையை நீட்டினார். மூப்பர் விடவில்லை. பந்தி முடியும்வரை அவரே எடுத்தார். அன்றிரவு அவர் வீட்டில் என்ன பேசினார்களோ, நான் கேட்கவில்லை.