பெரியநாயகி என்னும் பெயர்

பெண் குழந்தைக்குத் திருமுழுக்குக் கேட்டுவரும் தாம்பரத்து இளம் பெற்றோர் சிலர், "தமிழ்ப் பெயர் வைக்கலாமா, ஃபாதர்?" என்று தயங்குகிறார்கள்.

1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் கிறிஸ்தவப் பெயரையே கேட்டது. பெற்றோர் வேறு பெயரில் உறுதியாக நின்றால், பங்குத்தந்தை ஒரு புனிதரின் பெயரையும் சேர்த்து, இரண்டையும் பதிவேட்டில் எழுத வேண்டும். 1983-ஆம் ஆண்டுச் சட்டமோ, கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயர் வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

சட்டம் இருக்கட்டும். 18-ஆம் நூற்றாண்டிலேயே, இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் விருத்தாசலம் பக்கத்துக் கோணான்குப்பத்தில் அன்னை மரியாவைப் 'பெரியநாயகி' என்று அழைத்தார். தஞ்சைப் பெரிய கோயில் அம்மனுக்கும் அதே பெயர்தான்; அவர் தயங்கவில்லை. அவருடைய தேம்பாவணியில் சூசையப்பரும் 'வளன்' ஆனார். பெரியநாயகி என்று உங்கள் மகளுக்குப் பெயரிட்டால், அது மாதாவின் பெயர். கூடுதலாக எதுவும் சேர்க்க வேண்டியதில்லை.