பெர்சிவல்: மாணவரிடம் தமிழ் கேட்ட ஆசிரியர்

நம் மதுரை, திண்டுக்கல் பக்கம் பள்ளிகள் திறந்த அமெரிக்க மிஷன், 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து கிளைத்து வந்தது. அதே ஆண்டில் யாழ்ப்பாணத்தில் ஒரு மெதடிஸ்ட் ஆசிரியர் தொடங்கிய பணியை நினைப்பது நம் கடமை.

அந்த ஆசிரியர் பீட்டர் பெர்சிவல், 1826இல் வெஸ்லியன் மெதடிஸ்ட் சபையின் ஊழியராக இலங்கை வந்தவர். அச்சபையின் ஆங்கிலப் பள்ளியைச் சீரமைத்து 1834இல் மத்திய பாடசாலை ஆக்கினார். இன்றைய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி அதுவே.

அங்கே படித்து, அங்கேயே ஆசிரியரானவர் நல்லூர் ஆறுமுகம். பின்னாளில் ஆறுமுக நாவலர். விவிலியத்தைப் புதிதாகத் தமிழாக்க முனைந்தபோது பெர்சிவல் துணைக்கு அழைத்தது இந்த இளைஞரைத்தான். தாம் சொல்லிக் கொடுத்த பையனிடமே சொல்லுக்குச் சொல் கேட்டு எழுதினார். பணி நிறைவேறியதும் இருவரும் கையெழுத்துப் படியோடு சென்னை சென்றார்கள். அங்கே தமிழ் வித்துவான் மழவை மகாலிங்கையர் படித்துப் பார்த்து நடையை ஏற்றார். 1850இல் நூல் அச்சேறியது. இதற்கிடையே, 1847 டிசம்பரில், நாவலர் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கம் தொடங்கிவிட்டார். கடைசிவரை அவர் சைவரே. சமயத்தில் எதிர்நின்ற ஒருவருடைய தமிழை நம்பித் தம் வேதத்தையே ஒப்படைத்த மனம் எளிதில் வாய்ப்பதல்ல. பெர்சிவலின் பெருமைகளில் இதையே நான் முதலாவதாக வைப்பேன்.

பெர்சிவல் பிறகு மெதடிஸ்ட் சபையை விட்டு ஆங்கிலிக்கன் சபையில் சேர்ந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். 1855இல் 'தினவர்த்தமானி' இதழைத் தொடங்கி, அதன் ஆசிரியர் பொறுப்புக்கு யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளையை வரவழைத்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. தேர்வில் தேறிய இருவரில் ஒருவர் அந்தத் தாமோதரம் பிள்ளை. பழந்தமிழ் நூல்கள் பலவற்றை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவரும் அவரே.

1842இல் யாழ்ப்பாணத்தில் சிறிதாக வெளியிட்ட பழமொழித் திரட்டை, பெர்சிவல் 1874இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளாக விரித்தார். ஒவ்வொன்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு. வயல்வெளியிலும் அடுப்படியிலும் புழங்கிய பேச்சை ஏட்டுக் கல்விக்கு நிகராக மதித்த உழைப்பு அது. 1882இல் ஏற்காட்டில் காலமானார்.

அந்தத் திரட்டு மறுபதிப்பாகவும் வந்திருக்கிறது. நம் வட்டாரப் பள்ளி நூலகங்கள் ஒவ்வொன்றும் ஒரு படி வாங்கிப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும்.